48 சொல் சுமக்கும் சிறகு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 மான்ஸ்டர் மேனுவலில், மோட்ரான்கள் என்ற பொறியுயிர்களில் பறப்பவை இரண்டுதான். குவாட்ரோன் வில்லோடு பறக்கும். மேசையில் கைதட்டல் அதற்கே. என் மனம் என்னவோ மோனோட்ரோனிடம்தான் போய் நிற்கிறது. உருண்டை உடல், ஒற்றைக் கண், ஒரு நேரத்தில் ஒரே வேலை. ஒரு செய்திதான் கொண்டுபோகும், அதுவும் 48 சொல்லுக்கு மேல் போகாது. அடிபட்டுச் செத்தால் தூளாகிவிடும், எடுத்து வைத்துக்கொள்ள ஒரு பல்சக்கரம்கூட மிஞ்சாது.

1983இல் வந்தபோது மோட்ரான்களை வடிவகணிதப் பொம்மைகள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அதே ஆட்டத்தின் பிளேன்ஸ்கேப் தொகுப்புக் காலத்தில் ஓவியர் டோனி டிடெர்லிசி வரைந்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

மோனோட்ரோனின் அந்த 48 சொல்லை ரசிக்க, முற்றுகைக்குள் அதை இறக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் ஹைதராபாத் மேசையில் கோட்டை என்றால் அது கோல்கொண்டாதான், வருஷம் 1687, வெளியே ஔரங்கசீப் படை. ஃபதே தர்வாஸாவில் கை தட்டினால் மேலே பாலா ஹிஸாரில் கேட்கும், சரி. மதிலுக்கு வெளியே யார் காதில் விழும்? அங்கேதான் மோனோட்ரோன். எந்த வாசல் பலவீனம், யாரை நம்பக்கூடாது, தானியம் எத்தனை நாளைக்கு வரும் என்று அத்தனையையும் 48க்குள் அடக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் டைஸைத் தொடாமலே அரைமணி நேரம் சொற்களை வெட்டிக்கொண்டிருப்பார்கள். எந்த டிராகனும் எங்கள் மேசைக்குத் தராத பதற்றம் அது.

பறக்கும் பொறி என்றதும், அதே ஆட்டத்தின் எபெரான் உலகத்து ரசிகர்கள் தங்கள் ஆகாயக் கப்பல்களைக் காட்டுவார்கள். அந்த உலகைப் படைத்த கீத் பேக்கரின் கற்பனையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கப்பலைத் தூக்குவது உள்ளே கட்டிவைத்த எலிமெண்டல் என்ற பூத சக்தி. பொறியே உயிராகிப் பறக்கும் அழகு அதில் இல்லை.

அந்த அழகுக்கு நம்மிடம் மூத்தது ஒன்று இருக்கிறது. உ.வே.சா. 1887இல் அச்சேற்றிய சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. துணி, நூல், பயின், அரக்கு, மெழுகு இவற்றைக் கொண்டு தச்சன் ஏழே நாளில் முடித்தது. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும்பும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து உட்காரும். காலைக் குவிக்கிறதே, அந்த இடத்தில்தான் கவிஞர் திருத்தக்கதேவர் பொறியைப் பறவையாக்கிவிடுகிறார். ஆயுதம் கிடையாது, பேச்சு கிடையாது. நிறைசூலியான அரசி விசயையைச் சுடுகாட்டில் கொண்டுபோய் இறக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது பல மேசைகளில் பறக்கும் பொறி என்றாலே நெருப்பு கக்க வேண்டும், வாதாட வேண்டும், 200 ஹிட் பாயிண்ட் இருக்க வேண்டும். "டேமேஜ் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லாம் செய்யும் பொறியை வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் எதை யோசிப்பார்? கேம் மாஸ்டர்களும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

தமிழில் ஆட்டம் நடத்துகிறவர்கள் அடுத்த அமர்வில் மயிற்பொறியை இறக்கிப் பாருங்கள். ஒருவர் மட்டும் ஏறலாம், இரண்டே திருகல், ஹிட் பாயிண்ட் ஐந்தைத் தாண்ட வேண்டாம். தயவுசெய்து அதன் அலகில் நெருப்பை வைத்துவிடாதீர்கள்.