ஈற்றசையின் நீட்டம்: ஹரிஹரனின் பாடல்மொழி

பாடகர் ஹரிஹரனின் கலையைப் பாராட்டுவோர் குழைவு, உருக்கம், ஆன்மா என்னும் சொற்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். பல இசைவகைகளைக் கலந்தவர் என்பதும் உடன் சேர்த்துக் கூறப்படும். இவை பொய்யல்ல, ஆயினும் எதனையும் விளக்குவனவல்ல. கலப்பு என்று ஒன்று நிகழ்ந்திருப்பின் அது எந்த மொழிக்கூற்றில் நிகழ்ந்தது? சொல்லிலா, அசையிலா, தனி ஒலியிலா? தமிழ் இசைத் திறனாய்வு இவ்வினாவை எழுப்புவதே அரிது.

1955இல் திருவனந்தபுரத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர் ஹரிஹரன். பெற்றோராகிய எச். ஏ. எஸ். மணி, அலமேலு இருவரும் கருநாடக இசைவாணர்கள். இந்துஸ்தானி இசையை அவர் உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் பயின்றார். மும்பைத் தமிழரின் பண்பாட்டு வாழ்வில் மாதுங்கா பகுதிக்குத் தனியிடம் உண்டு. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952இல் சண்முகானந்த சபையும் தோன்றிய அச்சூழலில் கருநாடக இசை, இசை என்பதற்கும் மேலாக ஓர் அடையாள எல்லையாகவும் விளங்கியது. அவ்வெல்லையைக் கடந்து உருதுக் கஜலைத் தம் முதன்மைக் களமாகக் கொண்ட தமிழர் என்ற வகையில் ஹரிஹரன் ஒரு விதிவிலக்கு. 1978இல் ‘கமன்’ என்னும் இந்திப் படத்தில் ஜெய்தேவின் இசையில் பாடித் திரையுலகில் நுழைந்தார். கஜல்களுக்குத் தாமே இசையமைத்தும் பாடி வந்தார். 1992இல் ‘ரோஜா’ படத்தின் ‘தமிழா தமிழா’ வழியே தமிழ்த் திரைக்கு வந்தார். மும்பையில் வளர்ந்த குரல் ழகரத்தை இருமுறை ஒலித்துக்கொண்டே தமிழகத்திற்கு அறிமுகமானது இனிய தற்செயல்.

கஜலின் அமைப்பை இங்குச் சற்றே நோக்குதல் வேண்டும். ஈரடிகளால் ஆன அதன் கண்ணிகளில், இரண்டாம் அடியின் இறுதியில் மாறாது வரும் சொல் அல்லது தொடர் ரதீஃப் எனப்படும். அதற்கு முன் நின்று இயைவது காஃபியா. முதற் கண்ணியில் ஈரடிகளுமே இவ்வாறு முடியும். கேட்போரின் எதிர்பார்ப்பு முழுதும் அடியிறுதியில் குவிகிறது. பாடுவோர் முதலடியைப் பலவாறு மாற்றி மாற்றிப் பாடி, முடிவைத் தள்ளிப்போட்டு, பின்னரே இறுதிச் சொல்லை வழங்குவர். தமிழ்ச் செய்யுளிலோ எதிர்பார்ப்பு அடியின் தொடக்கத்தைச் சார்ந்தது. மோனை முதலெழுத்திலும் எதுகை இரண்டாம் எழுத்திலும் அமைய, இயைபு சற்றுப் பின்தங்கியே நிற்கிறது. இவ்விரு மரபுகளும் ஒரே குரலில் சந்திக்கும்போது அடியின் எந்த முனை வெல்லும் என்பதே சிக்கல்.

இதற்கு இடம்தரும் நெகிழ்ச்சி தமிழிலக்கணத்திலேயே உள்ளது. உயிர் தன் அளவைக் கடந்து ஒலித்தலும் ஒற்று நீண்டிசைத்தலும் இசைநூல் வழக்கில் உண்டென நூன்மரபின் இறுதியில் தொல்காப்பியர் கூறுகிறார். மொழியிறுதி பற்றிய விதியும் துணைநிற்கிறது. தமிழ்ச்சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. உயிரிலோ மெல்லின, இடையின மெய்களிலோதான் முடியும். அவற்றுள் பெரும்பாலானவை மூச்சுள்ளவரை நீட்டத்தக்கவை. உருதுவிலும் ஆங்கிலத்திலும் அடைப்பொலியில் முடியும் சொற்கள் மிகுதி. ஆகவே கஜல் பயிற்சி வளர்த்த ஈற்று நீட்டத்திற்குத் தமிழ் இயல்பாகவே இசைந்து கொடுக்கும் மொழி. ஹரிஹரன் இதனைத் தம் செவியால் கண்டறிந்தவர் எனலாம்.

‘பம்பாய்’ (1995) இதற்குத் தக்க சான்று. ஏ. ஆர். ரகுமானின் ஒரே மெட்டைத் தமிழில் ‘உயிரே உயிரே’ எனச் சித்ராவுடனும், இந்தியில் ‘தூ ஹீ ரே’ எனக் கவிதா கிருஷ்ணமூர்த்தியுடனும் அவர் பாடியுள்ளார். தமிழ் வரிகள் வைரமுத்துவுடையவை. இந்தி வரிகள் மெஹபூபுடையவை. இரண்டும் ‘ரே’ என்றே முடிகின்றன. ஒலி ஒன்று, இலக்கணம் வேறு. தமிழில் ரகரம் பெயருக்குரியது, ஏகாரம் விளியுருபு. இந்தியில் ‘ரே’ முழுவதும் விளி இடைச்சொல். இந்திப் பாடலாசிரியர் பொருளைப் பின்தொடராமல் குரல் தங்கும் அசையைக் காத்திருக்கிறார். பாடல் பெயர்ப்போர் கருதத்தக்க உத்தி இது. பாடகரின் நுட்பமும் இங்கே வெளிப்படுகிறது. உ, யி என்னும் குறில்களை அவர் குறில்களாகவே விட்டு, நீட்டம் முழுவதையும் ஈற்று நெடிலுக்கே அளிக்கிறார். குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபாடாகும் மொழியில் இந்தக் கட்டுப்பாடின்றிக் குழைவு வெறும் குழறலாகிவிடும். ‘இந்திரா’ (1995) படத்தின் ‘நிலா காய்கிறது’ பாடலில் ஈறு குற்றியலுகரம். அது முழு உகரமாகப் பருத்துவிடாமல் இதழ் விரிந்தே ஒலிப்பது பயிற்சியின் பயன்.

இசைக்கலப்புக்காக அவர் பெரிதும் புகழப்பட்டது லெஸ்லி லூயிஸுடன் இணைந்து 1996இல் வெளியிட்ட ‘கலோனியல் கசின்ஸ்’ தொகுப்புக்காகவே. ஆனால் மொழிநிலையில் அங்குக் காணப்படுவது பெரும்பாலும் கலப்பன்று, அடுக்கே. வியாசராயரின் கன்னடக் கீர்த்தனை ஒருபுறமும் ஆங்கில வரிகள் மறுபுறமும் தத்தம் ஒலிமுறை குலையாமல் நிற்கின்றன. அசையழுத்தத்தால் இயங்கும் ஆங்கிலமும் அசையளவால் இயங்கும் கீர்த்தனையும் மாறிமாறி வருகின்றனவேயன்றி ஒன்றையொன்று தொடுவதில்லை. அதே தொகுப்பின் ‘ச நி த ப’ இதினும் மேலானது. எம்மொழிக்கும் தனியுரிமையில்லாத சுர அசைகள் அங்கே பாலமாகின்றன. எனினும், தொகுப்புப் பெற்ற புகழில் ஒரு பாதியேனும் தமிழ்த் திரைப்பாடல்களின் ஈற்றசைகளைச் சேர வேண்டியது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. மென்மை மேலோங்குகையில் வல்லின இரட்டிப்பு தன் கூர்மையை இழக்கிறது. அறைகூவல் வேண்டுமிடத்தில் வேண்டுகோளே கேட்கிறது. மும்பையின் மற்றொரு தமிழ்க் குரல் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். தாராவியின் ‘டோபடெலிக்ஸ்’ குழுவினர் ‘காலா’ (2018) படத்தில் இசைத்த ராப் பாடல்களில் அடைப்பொலிகளே தாளத்தைத் தாங்குகின்றன; நீட்டத்திற்கு அங்கே வேலையில்லை. மாதுங்காவிற்கும் தாராவிக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவே. ஒலித்தேர்வில் மட்டும் இரண்டும் எதிர் முனைகள்.

ஹரிஹரனின் சொந்த இசையமைப்பில் உருதுக் கஜலுக்கே முதலிடம். கவிக்கோ அப்துல் ரகுமான் போன்றோர் தமிழில் கஜல் எழுதிக் காட்டிய பின்னரும், தமிழ் ரதீஃப் எதுவாகலாம் என்பது தீராத சிக்கல். தமிழ் வினைமுற்று திணை, பால், இடம் காட்டுவது. அதனை ரதீஃபாகக் கொண்டால் கண்ணிதோறும் எழுவாய் ஒரே வகையினதாகிவிடும். விளியேகாரத்திற்கு இத்தடை இல்லை.