எண்ணாகச் சுருங்கிய நூல்: காரி தாம்சனின் ஈரப்பத வரையறையும் பழங்கட்டடங்களும்

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகராக விளங்கிய காரி தாம்சன் 1978இல் வெளியிட்ட ‘அருங்காட்சியகச் சூழல்’ என்னும் நூல் அத்துறையின் அடிப்படை நூலாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எனினும், அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்டது 50 அல்லது 55 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம், அதற்கு மேலும் கீழும் 5 விழுக்காடு என்ற எண்ணை மட்டுமே. அவ்வெண்ணின் அருகில் ஆசிரியர் எழுதிவைத்த தயக்கங்கள் உதிர்ந்துபோயின.

ஏற்ற இறக்கத்துக்கான அச்சிறு எல்லை, கருவிகளிடம் எதிர்பார்க்கக்கூடியதை ஒட்டி அமைந்ததேயன்றி, சிறு மாறுதல்கள் பொருள்களை எவ்வாறு பாதிக்கின்றன என்ற ஆழ்ந்த அறிவிலிருந்து வந்ததன்று என அவரே ஒப்புக்கொள்கிறார். 55 விழுக்காடு ஐரோப்பிய உள்நாட்டுப் பழங்கட்டடங்களில் நீர்ப்படிவை உண்டாக்கலாம் என்கிறார். ஈரம் மிகுந்த வெப்பமண்டலத்தின் கலப்புத் தொகுப்புகளுக்கு 65 விழுக்காட்டையும் ஏற்கிறார். இக்குறிப்பைப் படித்தவர் ஓரெண்ணை உலகப் பொதுத்தரமாகக் கொள்ள இயலாது.

எச்சரிக்கையின் காரணம் எளிது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 55 விழுக்காடு ஈரப்பதமும் உடைய காற்று, ஏறத்தாழ 11 டிகிரிக்குக் கீழுள்ள பரப்பில் நீராகப் படியும். குளிர்நாட்டுப் பழஞ்சுவரின் உட்புறம் பனிக்காலத்தில் அந்நிலையை எளிதில் எட்டும். ஓவியத்தைக் காக்கச் சேர்த்த ஈரம் சுவருக்குள் உறைந்து காரையை உடைக்கும். வெப்பமண்டலத்தில் இது தலைகீழாகிறது. 30 டிகிரியும் 70 விழுக்காடும் உள்ள வெளிக்காற்று 24 டிகிரியிலேயே நீராகத் தொடங்கும். பகலில் 20 டிகிரிக்குக் குளிர்வித்து மாலையில் கருவியை நிறுத்தும் கூடத்தில், உட்புகும் காற்று முதலில் நனைப்பது குளிர்ந்த காட்சிப்பொருளையே. அத்தகைய இடத்தில் கருவியே இல்லாதிருப்பது மேல்.

2010இல் வந்த ஐரோப்பியத் தரம் (இஎன் 15757) எண்ணைக் கைவிட்டு, பொருள் பழகிய சூழலையே அளவுகோலாக்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது மரம், துணி, தாள் போன்ற ஈரம் உறிஞ்சும் கரிமப் பொருள்களுக்கே உரியது. மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட, குளோரைடு ஊறிய செப்புத் திருமேனிக்குப் ‘பழகிய ஈரம்’ என்பது அரிப்பின் மறுபெயர். 65 விழுக்காடு அத்தகைய வெண்கலத்துக்கு மிகை எனத் தாம்சனும் குறித்திருக்கிறார். ஓலைச்சுவடியும் திருமேனியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, எந்த எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது. திருமேனியைச் சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப்புகா கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டால், கூடத்தின் காற்றை அதற்காக உலர்த்தவேண்டியதில்லை. பழஞ்சுவரைத் துளைத்துக் குழாய் இழுக்கவும் வேண்டா. பேழையின் ஈரப்பதத்தை நிலைப்படுத்தும் இவ்வழியைப் பற்றியும் எழுதியவர் தாம்சனே.