புள்ளி தொலைந்த பலகை

வாசகர்களே, நூலையும் நாடகத்தையும் திறனாய்வு செய்வது நாம் அறிந்த வழக்கம். ஒரு பெயர்ப்பலகையைத் திறனாய்வு செய்தால் என்ன? எழுத்துள்ள பொருள் எதுவாயினும் அது படிப்பவருக்குக் கடமைப்பட்டதுதானே?

காட்பாடியில் நான் பணியாற்றும் கல்லூரியில், படிப்பை முடித்துச் சென்ற மாணவர்கள் தமக்குள் பணம் திரட்டித் துறைக்கு ஒரு தேக்குப் பலகையைப் பரிசளித்தார்கள். ‘இயற்பியல் துறை’ என்ற எழுத்துகள் புடைப்பாக நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள தளம் முழுவதும், சுத்தியலால் தட்டியதுபோன்ற சின்னஞ்சிறு குழிகள். சி.என்.சி. ரூட்டர் என்னும் இயந்திரத்தின் வேலை அது. கையில் வைத்துப் பார்த்தபோது எல்லோரும் வியந்தோம். தாழ்வாரத்தில் மாட்டிய மறுநாள், மகனைச் சேர்க்க வந்த தந்தை ஒருவர் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, “சார், இயற்பியல் துறை எங்கே இருக்கிறது?” என்று என்னைக் கேட்டார். பிழை அவருடையதன்று. அது எங்கே என்று தேடுவதே இக்கட்டுரை.

முதலில் இயந்திரத்தை அறிவோம். சுழலும் பிட் ஒன்றை இடவலம், முன்பின், மேல்கீழ் என மூன்று திசைகளில் எண்களின் ஆணைப்படி நகர்த்துவதே சி.என்.சி. முறை. இதற்கு விதையிட்டவர் அமெரிக்கரான ஜான் பார்சன்ஸ். ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவைத் துல்லியமாகப் பெற அவர் எண்களை நாடினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் எண்களால் இயங்கும் துருவல் பொறியை (மில்லிங் இயந்திரத்தை) இயக்கிக் காட்டியது. அன்று துளையிட்ட நாடா ஆணையிட்டது. இன்று கணிப்பொறி ஆணையிடுகிறது.

எங்கள் பலகையைக் குடைந்தது 6 மி.மீ. விட்டமும் உருண்டை முனையும் கொண்ட பிட். அது 1 மி.மீ. ஆழம் இறங்கினால் எவ்வளவு அகலமான குழி விழும்? வட்டத்தின் கணிதம் தெரிந்த மாணவர் உடனே சொல்லலாம்: ஏறக்குறைய நாலரை மி.மீ. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். ஏனெனில், எழுத்துகளின் தலைமேல் உள்ள புள்ளியின் விட்டம் 5 மி.மீ.

குற்றவாளி அகப்பட்டுவிட்டான் அல்லவா? மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். அந்தப் புள்ளியின் அளவிலேயே நூற்றுக்கணக்கான குழிகளைச் சுற்றிலும் தூவிவிட்டால், கண் எதைப் புள்ளியென்று எடுத்துக்கொள்ளும்?

“புள்ளி மேடு, குழி பள்ளம், வேறுபாடு தெரியாதா?” என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒளி தன் விளையாட்டைக் காட்டுகிறது. ஒளி மேலிருந்து விழுகிறது என்று நம் மூளை வழக்கமாக எண்ணிக்கொள்கிறது. அப்படி விழுந்தால் மேட்டின் மேல்பகுதி ஒளிரும், கீழ்ப்பகுதி இருளும். பள்ளத்தில் இது தலைகீழாகும். ஆனால் பக்கவாட்டிலோ கீழிருந்தோ ஒளி வந்தால் மூளை தடுமாறும். பள்ளம் மேடாகத் தோன்றும். நிலவின் பள்ளங்களைக் காட்டும் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், பள்ளங்கள் குன்றுகளாகிவிடும்.

எங்கள் தாழ்வாரத்தின் மேற்குக் கோடி திறந்திருக்கிறது. மாலை வெயில் சுவரை ஒட்டியே ஓடிவருகிறது. புடைப்பின் உயரம் 3 மி.மீ. ஒளி 45 பாகைச் சாய்வில் விழுந்தால் நிழலின் நீளமும் 3 மி.மீ.தான். 10 பாகைச் சாய்வில் விழுந்தாலோ 17 மி.மீ! எழுத்துக் கோட்டின் அகலமே 8 மி.மீ.தான். எழுத்தைவிட நிழல் பெரிதானால் படிப்பது எதை?

இன்னொரு குறை, பிட்டின் பருமன் தந்தது. ‘ற்’ என்பதில் எழுத்துக்கும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி 4 மி.மீ. ஆறு மி.மீ. பிட் அதற்குள் முழு ஆழம் நுழைய முடியாது. ஆகவே அங்கே மரம் வெட்டப்படாமல் நின்று, புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. புள்ளிகளுக்கு மட்டுமாவது சிறிய பிட்டை மாற்றியிருக்க வேண்டும். வேலை நேரம் சற்றுக் கூடியிருக்கும், அவ்வளவே.

மூன்றாவது குறையைக் கண்டவர் என் மாணவர் ஒருவர். தோல் பதனிடும் தொழிலாளியின் மகன் அவர். “சார், இது அச்சு வைத்த தோல் மாதிரி இருக்கிறது” என்றார். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதியில் இதை விளக்க வேண்டியதில்லை. வடுவும் கீறலும் உள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, சூடான உலோகத் தகட்டால் அழுத்திச் செயற்கையாக வரிகளை உண்டாக்குவார்கள். இயற்கைத் தோலின் வரிகள் எங்கும் ஒரேமாதிரி இரா. அச்சின் வரிகளோ தகட்டின் அளவுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். எங்கள் பலகையிலும் ஒரே குழிக்கூட்டம் ஒரு சாண் தூரத்துக்கு ஒருமுறை அப்படியே வருகிறது. கைவேலைபோல் தோன்ற விரும்பிய பலகையை இதுவே காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்படியானால் பின்னணியில் வேலைப்பாடே கூடாதா? கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வழவழப்பான பலகை விளக்கொளியை ஒரே திசையில் திருப்பிக் கண்ணைக் கூசச் செய்யும். சொரசொரப்பான தளம் ஒளியை நாற்புறமும் சிதறவிட்டு எழுத்தை எடுத்துக்காட்டும். கேள்வி அளவைப் பற்றியது. நல்ல பார்வை, ஏறத்தாழ ஒரு கலை அளவுள்ள கோணத்தைப் பிரித்தறியும். கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 10 மீட்டர் தொலைவில் இது சுமார் 3 மி.மீ. ஆகவே குழிகள் அதைவிட மிகச் சிறியனவாக இருந்தால், தொலைவில் அவை கலந்து ஒரே சாயலாகிவிடும். அருகில் வந்தவருக்கு மட்டும் தம் அழகைக் காட்டும். எழுத்தின் கோட்டளவுக்கும் புள்ளியளவுக்கும் அவை நெருங்கிவிட்டால் எழுத்துக்கே பகை.

இதே பகுதியில் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. காட்பாடிச் சந்திப்பின் மஞ்சள் பலகையைப் பாருங்கள். மஞ்சள் தளம், கறுப்பு எழுத்து, வேறொன்றுமில்லை. ஓடும் ரயிலிலிருந்தும் படிக்கலாம். பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியில், முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயன் நினைவாக எடுப்பித்த கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். சமன்செய்த கல்லில் எழுத்து மட்டுமே பள்ளம். நிழல் எழுத்துக்குள்ளேயே விழுகிறது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை என்பது உண்மையே. பழகியவர் அதைத் தாமே சேர்த்துப் படித்தார். புதிதாகக் கல்லூரிக்கு வருபவரிடம் அந்தப் பயிற்சியை நாம் எதிர்பார்க்கலாமா?

குறை இயந்திரத்தினுடையது அன்று. இட்ட ஆணையை அது பிசகாமல் நிறைவேற்றியது. தூரிகை பிடித்து எழுதும் ஓவியர் ஏணியிலிருந்து அடிக்கடி இறங்கி, பின்னால் சென்று நின்று பார்ப்பார். நாங்களோ கணிப்பொறித் திரையில் ஓரடி தூரத்தில் படத்தைப் பார்த்துவிட்டு “சரி” என்றோம். அந்தச் “சரி”யைச் சொன்னவன் ஒளியியல் பாடம் நடத்தும் நானே. மாணவர்களின் பணம் அந்த ஒரு சொல்லில் போயிற்று.

பலகையைக் கழற்றவில்லை. எழுத்துகளுக்கும் புள்ளிகளுக்கும் வெள்ளை வண்ணம் தீட்டினோம். இப்போது படிக்க முடிகிறது. மரத்தின் நிறத்தை மட்டும் நம்பியிருந்தது நான்காவது குறை என்பது அப்போதுதான் புரிந்தது.

உங்கள் பள்ளிக்கோ கடைக்கோ இத்தகைய பலகை செய்ய எண்ணினால், முதலில் அதே அளவில் ஓர் ஓரத்தை மட்டும் வீண்பலகையில் குடையச் சொல்லுங்கள். மாட்டப்போகும் இடத்தில் அதை வையுங்கள். இருட்டியபின் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பத்து மீட்டர் தள்ளி நின்று, தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். குழந்தை புள்ளியைக் கண்டுகொண்டால் தயங்காமல் பணத்தைக் கொடுங்கள்.