சொல்லும் கடமை, கேட்கும் கடமை

போக்சோ என்று நாம் சுருக்கிச் சொல்லும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. மருத்துவர், செவிலியர், ஆசிரியர் எவருக்கும் விலக்கில்லை. மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டுமே.

இந்தக் கட்டாயம் வீணானதல்ல. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், பழங்குடி மாணவியர் விடுதிச் சிறுமிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தகவல் தரவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. நிறுவனங்களின் மௌனம் குற்றவாளியைத்தான் காக்கிறது. அதை உடைக்கச் சட்டம் வேண்டும்.

ஆனால் பாம்பனில் கடற்பாசி எடுக்கப் போகும் ஒரு தாயின் பதினாறு வயது மகளை நினைத்துப் பார்ப்போம். நாள் தள்ளிப்போயிருக்கிறது. காதலன் பதினேழு வயதுப் பையன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் போலீஸ் வரும், ஊருக்குத் தெரியும், பையன் மீது வழக்கு வரும். அவள் போகமாட்டாள், நாட்டு மருந்தையோ தெரிந்த கடை மாத்திரையையோ தேடுவாள். சொந்த மாமனால் சீரழிக்கப்பட்டவளையும் இவளையும் 19ஆம் பிரிவு ஒரே கண்ணால்தான் பார்க்கிறது.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரும் அடையாளமும் வேண்டியதில்லை. நல்ல தீர்ப்புதான். ஆனால் பாதுகாவலரும் கேட்க வேண்டும் என்ற சொல்லை நிறுத்திப் படியுங்கள். வீட்டுக்குப் பயந்து வந்தவளுக்கு, அந்த வீட்டின் சம்மதத்தோடுதான் அந்தரங்கம். குற்றவாளி அப்பனாகவே இருந்தால்?

பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் இணக்கமான உறவைப் போக்சோவிலிருந்து விலக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019லேயே யோசனை சொன்னது. சட்டம் இன்னும் அசையவில்லை.

பள்ளி, விடுதி, காப்பகங்களில் புகார்க் கட்டாயம் தளரவே கூடாது. ஆனால் மருத்துவமனை மேசையில் முதல் கேள்வி அவளிடம்தான் கேட்கப்பட வேண்டும்: உனக்கு என்ன நடந்தது, உனக்கு என்ன வேண்டும்? அப்படிக் கேட்கச் சொல்லி 19ஆம் பிரிவில் ஒரு வரிகூட இல்லை.