நீரின் பின்னே வரும் காற்று

கண்ணொட்டுக் கட்டுவதைக் கலை என்பார்கள். பதியன் போடுவதையும், கிளை பார்த்துக் கவாத்து செய்வதையும் அப்படியே மதிப்பார்கள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கக்கூடிய வேலையாகவே நம் வீடுகளில் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "தினம் ஒரு செம்பு ஊத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். ஜப்பானில் பொன்சாய் வளர்ப்பவர்கள் இதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் ஊற்றக் கற்கவே மூன்று வருஷம் என்பது அவர்களிடையே வழங்கும் சொல். நல்ல கை ஒன்று தண்ணீர் விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அந்தக் கணக்கை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

காலை வெயில் ஏறுவதற்குள் நர்சரிக்குப் போனால் அந்தக் கையைப் பார்க்கலாம். பெரும்பாலும் பெண்கள்தான். ஹோஸின் வாயில் கட்டைவிரலை அழுத்தி நீரை விரித்து, மண் குழியாதபடி விடுவார்கள். ஒரு வரிசையை நனைத்துக்கொண்டே போய், முனையில் திரும்பி, அதே வரிசையை இன்னொரு முறை நனைப்பார்கள். முதலில் விட்டது மண்ணை இளக்கும். இரண்டாவது முறை விடுவதுதான் அடிவேர் வரை போகும். எனக்கு அதைவிட வியப்பு, நடுநடுவே சில தொட்டிகளின் மேல் ஒரு சொட்டும் படாமல் ஹோஸ் தாண்டிப் போவது. ஏன் என்று கேட்டதற்கு ஒரு அம்மா சொன்னார்: "தூக்கிப் பாருங்க தம்பி. கனமா இருந்தா அதுக்கு நாளைக்குத்தான்." தூக்கினேன், கனமாகத்தான் இருந்தது. அவர் தூக்கிப் பார்க்கவே இல்லை. இலையின் மினுமினுப்பு, மேல்மண்ணின் நிறம், நேற்று விட்டது, அந்த மூலையில் விழும் வெயில் எல்லாவற்றையும் சேர்த்து, நடக்கிற நடையிலேயே கணக்கு முடித்திருந்தார்.

மண்ணுக்குள் நடப்பது தெரிந்தால் அந்தத் தாண்டிப் போதலின் அழகு இன்னும் கூடும். தொட்டி மண்ணில் ஏறக்குறைய பாதி வெறும் இடைவெளி. அதில் நீரும் காற்றும் மாறி மாறிக் குடியிருக்கின்றன. வேரும் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது. காற்றில் பரவுவதைவிட நீருக்குள் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். இடைவெளி முழுவதும் நீர் நின்றுவிட்டால் வேருக்கு மூச்சு முட்டிப்போகும். விந்தை அதற்குப் பிறகுதான். மூச்சு முட்டிய வேரால் தன்னைச் சுற்றி நிற்கும் நீரையே குடிக்க முடியாது. செல்லின் சவ்வில் நீர் நுழைவதற்கென்றே அக்வாபோரின் என்னும் புரத வாயில்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆக்சிஜன் கிடைக்காமல் வேர்ச் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடும்போது அந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. மேலே இலை வாடுகிறது. பார்க்கிறவர் தாகம் என்று எண்ணி இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறார். பாசத்தோடு வளர்க்கப்பட்ட எத்தனையோ செடிகள் இப்படித்தான் போயிருக்கின்றன.

சரியாக ஊற்றிய தண்ணீரோ காற்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மேலிருந்து நிறைத்து ஊற்றும்போது நீர் கீழிறங்கி அடித்துளை வழியே வெளியேறும். அது காலி செய்த இடத்தை நிரப்ப மேலிருந்து புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். உள்ளே தங்கியிருந்த கெட்ட காற்றும், சேர்ந்திருந்த உப்பும் வெளியே போய்விடும். ஊற்றி முடித்தபின் தட்டில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும் அந்த நிமிஷங்களில் தொட்டி ஒரு முழு மூச்சை உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறது. தினம் அரை டம்ளர் தெளிக்கும் செடிக்கு இந்த மூச்சு கிடைப்பதே இல்லை; அதன் மேல்மண் நசநசவென்றிருக்க, அடிவேர் காய்ந்து கிடக்கும். ஊற்றினால் முழுதாக ஊற்ற வேண்டும், தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிட வேண்டும், பிறகு மண் தானாகக் காயும்வரை செம்பைத் தொடக் கூடாது. இந்தக் கலையில் நான் மிகவும் மதிப்பது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

காய்ந்ததா என்று அறிய ஆளுக்கொரு வழி. மண்தொட்டி என்றால், தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டலாம். ஈரமான தொட்டி மந்தமாக ஒலிக்கும். காய்ந்தது கணீரென்று கேட்கும். பிளாஸ்டிக் தொட்டியிடம் இந்த வித்தை பலிக்காது, அங்கே எடைதான். நிறைய ஊற்றி வடிந்ததும் ஒருமுறை, இலை தளரத் தொடங்கும்போது ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும், நடுவில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். தூக்க முடியாத பெரிய தொட்டிக்கு நான் நம்புவது ஈர்க்குச்சியை. துடைப்பத்திலிருந்து தடித்ததாக ஒன்றை உருவி, ஓரமாக அடிவரை செருகி, பத்து நிமிஷம் விட்டு எடுத்தால், குச்சியில் எந்த உயரம் வரை மண் ஒட்டிக் குளிர்ந்திருக்கிறதோ அதுவரை உள்ளே ஈரம். கடையில் விற்கும் கம்பி வைத்த ஈரமானிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் பல மண்ணின் மின்கடத்தலைத்தான் அளக்கின்றன. உப்புப் போர்த் தண்ணீர் ஊற்றிய மண்ணில் முள் இருக்கிற ஈரத்தைவிடக் கூட்டியே காட்டும்.

மேல்மண்ணின் நிறத்தை நம்புகிறவர்கள் முதலில் அது என்ன மண் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வரும் தென்னைநார்க் கழிவான கோகோபீட், தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மேலே ஒரு விரற்கடை வெளுத்துப் பொரபொரப்பாக இருக்கும்போதே, உள்ளே ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டும். செம்மண் வேறு விதம்: அது காய்ந்தால் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றுகிற நீர் அந்த இடுக்கு வழியே நேராகத் தட்டுக்கு ஓடிவிடும். வேர்ப்பந்து நனையாமலே நிற்கும். அந்தத் தொட்டியை அப்படியே ஒரு வாளி நீரில் பாதி உயரம் இருக்கும்படி அரை மணி நேரம் வைத்து எடுப்பதுதான் வழி. ஆந்திரத்துக் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வரும் செடிகளை வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பல செடிகளின் வேரைச் சுற்றிக் கோதாவரிக் கரைக் களிமண் உருண்டை இறுகியிருக்கும். அதை அப்படியே பொலபொலப்பான கலவைக்குள் வைத்தால், சுற்றிலும் காய்ந்த பிறகும் நடுவிலுள்ள உருண்டை ஈரமாகவே கிடக்கும். நடும்போதே அந்த மண்ணைப் பாதியாவது உதிர்த்துவிட வேண்டும்.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். துளையின் மேல் ஒரு ஓட்டுத்துண்டு வைப்பது நல்லது, மண் ஒழுகாது. அடுக்காக ஜல்லி பரப்புவதோ எதிரான பலனையே தரும். பொடி மண்ணின் நுண்துளைகள் பிடித்துவைத்திருக்கும் நீர், பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, எல்லையிலேயே நின்றுவிடும். எந்தத் தொட்டியிலும் வடிந்து முடித்த பிறகு அடியில் ஒரு சொதசொதப்பான அடுக்கு மிஞ்சும். ஜல்லி போட்டால் அந்த அடுக்கு அப்படியே வேருக்கு அருகே மேலேறும். ஒரே மண்ணைப் போட்டாலும் உயரமான தொட்டியில் வேர் சுகமாக இருப்பதற்கும் தாழ்ந்த அகலத் தொட்டியில் அவதிப்படுவதற்கும் காரணம் இந்த அடுக்குதான். துளையே இல்லாத பீங்கான் தொட்டிகளைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை: துளையுள்ள தொட்டிக்கு மேலுறையாக மட்டும் அவை உதவும்.

துளசியை இங்கே சொல்லியாக வேண்டும். முற்றத்து மாடத்தில் தினமும் செம்பு நீர் விட்டும் அது செழித்து நின்ற வீடுகள் எத்தனையோ. வெயில் நாள் முழுக்க அடித்தது, மாடத்து மண் பெரும்பாலும் கீழே நிலத்தோடு சேர்ந்திருந்தது, விட்ட நீர் போக இடம் இருந்தது. அடுக்குமாடிப் பால்கனியில் எட்டு அங்குலத் தொட்டி, இரண்டு மணி நேர வெயில், அதே செம்பு. மழைக்காலம் முடிவதற்குள் தண்டு அடியில் கறுத்துவிடும். கும்பிடும்போது ஒரு உத்தரணி தீர்த்தம் விட்டு, மண் காய்ந்த அன்று மட்டும் நிறைய ஊற்றினால் வழிபாட்டுக்கும் குறைவில்லை, செடிக்கும் கேடில்லை.

கிழமை வைத்து ஊற்றுகிறவர்கள் வெளிச்சத்தை மறந்துவிடுகிறார்கள். இலை எவ்வளவு வெளிச்சம் வாங்குகிறதோ அந்த அளவுக்குத்தான் வேர் குடிக்கும். ஜன்னலோரத்தில் இருப்பது நான்கு நாளில் குடித்துவிடும் நீரை, கூடத்தின் உள்மூலையில் இருக்கும் அதே செடி இரண்டு வாரம் வைத்திருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் பழகிய அளவை ஐப்பசி அடைமழையிலும் தொடர்வதுதான் சென்னையில் அதிகச் செடிகளை அழிக்கிறது. செடிக்குச் செடி குணமும் வேறு. பாஸ்டன் பெரணிக்கு ஈரம் விட்டுப்போகக் கூடாது. பாம்புக் கற்றாழை இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கும், நீரை மிகக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட மண்ணிலிருந்து வந்த இசட்இசட் செடி, மண்ணுக்கடியில் கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்திருக்கும். மணிபிளாண்ட் விடிகாலையில் இலை நுனியில் ஒரு துளி ஏந்தி நின்றால், அது பனியாக இருக்க வேண்டியதில்லை. இரவில் வேர் ஏற்றிய மிகுதி நீரை இலைநுனி வழியே வெளியே தள்ளியிருக்கிறது. அன்று அதற்கு வேறு நீர் வேண்டாம்.

இனி, அதிக நீரில் விழுந்த செடியை எடுத்து நிறுத்துவது. இதைச் செய்யத் தெரிந்தவர் கையில் ஒரு மருத்துவருடைய நிதானம் இருக்கும். நண்பர் வீட்டு பீஸ் லில்லி ஒன்று, தாகத்தில் வாடும் குணமுள்ள செடி அது. நீர் கண்டால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். இந்த முறை எழவில்லை. அடியிலைகள் மஞ்சள், மண்ணோ கனத்த ஈரம், மேலே சின்னக் கறுப்புக் கொசுக்கள். தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவியதும் சாக்கடைச் சேற்று வாடை வந்தது. வேரை மெல்லிய நீரோட்டத்தில் அலசி, ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையே வைத்து இழுத்துப் பார்த்தோம். நல்ல வேர் வெளுத்து, விறைப்பாக, இழுப்புக்கு ஈடுகொடுத்தது. அழுகியதன் மேல்தோல் உறையாகக் கழன்று கையோடு வந்துவிட, நடுவே ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. பித்தியம் என்னும் நீர்ப்பூசணத்தின் கைவரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். அதன் வித்துகளுக்கு நீந்தும் வால்கள் உண்டு. தேங்கிய நீர் அவற்றுக்கு வழி.

ஸ்பிரிட் தொட்ட கத்தரிக்கோலால் நல்ல சதை தெரியும் இடம் வரை வெட்டினோம். வேர் கால்வாசிதான் மிஞ்சியது. ஆகவே இலையையும் குறைத்தோம்; கொஞ்ச வேரால் அத்தனை இலைக்கும் நீர் ஏற்ற முடியாது. மனசு வராத வேலை இது, செய்யத்தான் வேண்டும். செய்தித்தாளில் சில மணி நேரம் உலரவிட்டு, முன்பிருந்ததைவிடச் சின்னத் தொட்டியில், கோகோபீட்டோடு பெர்லைட்டும் கரித்துண்டும் சரிபாதி கலந்து நட்டோம். பெரிய தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண்ணில் மறுபடி ஈரம் தங்கும். வெளிச்சமான நிழலில் வைத்தோம். உரம் கிடையாது: வெட்டுப்பட்ட வேருக்கு உரத்தின் உப்பு எரிச்சல்தான் தரும்.

எல்லாச் செடியையும் பிடுங்க வேண்டியதில்லை. ஊற்றியது மிகையாகிவிட்டது என்று அன்றே தெரிந்தால் தொட்டியைச் சுவரோரம் நன்றாகச் சாய்த்து வைத்தாலே போதும். சாய்ந்த தொட்டியில் மண்ணின் உயரம் கூடுகிறது, அடியில் ஈரம் தங்கும் பகுதி ஒரு மூலைக்கு ஒடுங்குகிறது, முன்பு நின்றுவிட்ட நீர் மறுபடி சொட்டத் தொடங்கும். துளை தாழ்ந்த பக்கம் வரும்படி சாய்க்க வேண்டும். வேர்ப்பந்தை முழுதாக வெளியே எடுத்துச் செய்தித்தாள் மடிப்பின் மேல் ஒரு மணி நேரம் உட்காரவைத்தாலும் தாள் நீரை உறிஞ்சிவிடும். அடீனியம் அடித்தண்டு மெத்தென்று அமுங்கினால் தாமதிக்கக் கூடாது. அழுகலைச் செதுக்கி, கெட்டியான சதை தெரிந்த பிறகு, வெட்டுவாய் காயும்வரை சில நாள் மண்ணில்லாமல் நிழலில் வைக்க வேண்டும்.

வேர் ஒன்றுமே மிஞ்சாதபோதும் வழி இருக்கிறது. மணிபிளாண்டில் கணு உள்ள ஒரு துண்டை நறுக்கிப் புட்டியில் விட்டால், நீருக்கென்றே புதிய வேர் விடும். மண்ணில் அழுகிய அதே செடி நீரில் வாழ்வதற்குக் காரணம், அந்தப் புதுவேர்களுக்குள் காற்று செல்லும் குழாய்கள் உருவாவதும், புட்டியின் நீர் திறந்த வாயில் காற்றோடு உறவாடுவதும். அந்த வேர்களை மண்ணுக்கு மாற்றும்போது முதல் இரண்டு வாரம் மட்டும் சற்றுக் கூடுதல் ஈரத்தில் வைத்துப் பழக்க வேண்டும். இசட்இசட் செடியின் கிழங்கெல்லாம் கூழாகிவிட்டாலும், மேலே உறுதியாக நிற்கும் சிற்றிலை ஒன்றைக் கிள்ளி மணலில் செருகலாம். மாதக்கணக்கில் அது அப்படியே நிற்கும். கிளறிப் பார்த்தால் இலைக்காம்பின் அடியில் கடலை அளவில் புதுக் கிழங்கு திரண்டிருக்கும். அதிலிருந்து முளை மேலே வர ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை மணல் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் பூவாளியால் ஒரு முறை நனைத்தால் போதும்.