பாரம் சுமக்காத உத்தரங்கள்

கட்டடத்தின் எடையில் ஒரு குந்துமணி அளவைக்கூடச் சுமக்காத உத்தரங்களை வெளிச்சுவரில் வரிசையாகப் பொருத்தி, அவற்றையே கட்டடத்தின் அழகாக்கியவர் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ. அலங்காரமே கூடாது என்று பெயரெடுத்த மனிதர்! முதலில் சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையோரம், 860-880 லேக் ஷோர் டிரைவ் என்ற 26 மாடி இரட்டைக் குடியிருப்பில் செய்தார். அது 1951இல் முடிந்தது. பின்னர் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில், சக கலைஞர் பிலிப் ஜான்சனையும் சேர்த்துக்கொண்டு 1958இல் முடித்த 38 மாடி சீகிராம் கட்டடத்தில்.

இரும்புச் சட்டகம் தீயில் இளகிவிடும், கான்கிரீட்டில் பொதிந்தாக வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆகவே உண்மையான எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரியாது. சிகாகோவில் அந்தக் கான்கிரீட்டின் மேல் எஃகுத் தகடு போர்த்தி, அதன்மேல் அந்த உத்தரங்களை, அதாவது ஐ-பீம்களைக் கீழிருந்து உச்சிவரை சம இடைவெளியில் பற்றவைத்துக் கறுப்புப் பூசினார். ஜன்னல்களுக்கு நடுவே வருபவையாவது கண்ணாடிச் சட்டத்துக்கு முட்டுக் கொடுக்கின்றன. தூணின் முகத்திலேயே ஒன்றை ஒட்டியது எதற்கு? அவரே பதில் சொல்லியிருக்கிறார்: அது இல்லாமல் மாதிரியைப் பார்த்தபோது தாளம் அறுந்து, பார்க்கச் சரியாக இல்லை, அதுதான் உண்மையான காரணம். தகடு நெளியாமல் பிடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இவ்வளவு நேர்மையாகப் பேசும் கட்டடக் கலைஞர்கள் அபூர்வம்.

நான் மிகவும் ரசிப்பது அங்குள்ள ஜன்னல்களை. பீம்களுக்கு இடையே இடைவெளி ஒன்றுதான். ஆனால் தூண்கள் கண்ணாடியின் வரிசையிலேயே நிற்பதால், இருபுறமும் பக்கத்து ஜன்னலில் கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுகின்றன. விளைவு, இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள நான்கு ஜன்னல்களில் ஓரத்தில் உள்ளவை குறுகல், நடுவில் உள்ளவை அகலம். குறில், நெடில், நெடில், குறில். முகப்பு முழுவதும் இந்தச் சந்தம் ஓடுகிறது. இரண்டு கோபுரங்களும் செங்கோணத்தில் திரும்பி நிற்பது இன்னொரு நயம். நேரே பார்த்தால் கண்ணாடியாகத் தெரியும் முகப்பு, சாய்வாகப் பார்த்தால் பீம்கள் நெருங்கி இரும்புச் சுவராகிவிடும். ஒன்று திறந்துகொள்ளும்போது மற்றது மூடிக்கொள்ளும்.

சீகிராமில் தூண்கள் கண்ணாடிக்குப் பின்னே போய்விட்டன. ஜன்னல்கள் எல்லாம் ஒரே மாத்திரை. பீம்களோ வெண்கலம், இதற்கென்றே தனியாகச் செய்தவை. பச்சை பூக்காமலிருக்க ஆண்டுதோறும் எண்ணெய் தடவுவார்கள். சீகிராம் என்ற மதுபான நிறுவனத்தின் தலைமையகமாகக் கட்டியது என்பதாலோ என்னவோ, கண்ணாடிக்கும் விஸ்கியின் நிறம்! தெருவை ஒட்டிக் கட்டாமல் சுமார் 90 அடி உள்ளே தள்ளி, முன்னால் கருங்கல் முற்றமும் இரண்டு நீர்நிலைகளும் வைத்தார்கள். இதன் தாக்கத்தில், 1961இல் நியூயார்க் நகரம் இப்படி முற்றம் விடுபவர்களுக்குக் கூடுதல் தளம் கட்ட அனுமதிக்கும் விதியையே கொண்டுவந்தது.

வெளித்தோற்றம் கலையக் கூடாது என்ற பிடிவாதம் மட்டும் இரண்டு ஊர்களிலும் மாறவில்லை. சிகாகோவில் வெளியே தெரியும் திரைச்சீலை எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல். அவரவர் விருப்பத் திரை அதற்குப் பின்னால்தான். சீகிராமில் ஜன்னல் மறைப்புகள் முழுக்க மேலே, பாதி, முழுக்கக் கீழே என்ற மூன்று நிலைகளில் மட்டுமே நிற்கும். இத்தனை கெடுபிடி செய்தவர், குடியிருந்தது சிகாகோக் கட்டடத்தின் அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு பழைய பாணி அடுக்குமாடி வீட்டில்!

சீகிராமில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதுவே அதன் குறை. சிகாகோக் கட்டடத்தில் தூண் ஜன்னலோடு மோதுகிறது, அந்த மோதலே அழகாகியிருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். சிகாகோ போகிறவர்கள் எதிரே நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இரண்டு கோபுரங்களையும் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள்.