செனுஃபோ மரச் சிற்பம்: ஒரு மதிப்பீடு

ஐவரி கோஸ்டின் வடபகுதியிலும் அதையடுத்த மாலி, புர்கினா ஃபாஸோ நாடுகளிலும் வாழும் செனுஃபோ மக்களின் மரச் சிற்பங்களுக்கென்றே 1963-ல் நியூயார்க்கில் கண்காட்சி நடந்தது; அன்று ரசிகர்கள் வியந்தது உருவ அழகை. அச்சிற்பங்களின் குணமும் தோஷமும் அவை ஆற்றும் சடங்குக் காரியத்திலிருந்தே பிறப்பவை என்பது என் துணிபு.

குணத்தை முதலில் காண்போம். போரோ எனப்படும் சபையின் மூத்தவர் ஒருவர் இறந்தால், தீட்சை பெற்ற இளைஞர்கள் மூன்றடி, நான்கடி உயரமுள்ள பதுமைகளை ஏந்திவந்து, இரு பக்கமும் அசைத்து, தாளத்துக்கேற்ப நிலத்தில் இடித்து நடப்பார்கள். உடலைவிட்டு விலகி நீண்டிறங்கும் கைகள் பிடிப்பதற்கு வாகானவை. கனத்த வட்டப் பீடம் இடி தாங்குவது. உபயோகம் இட்ட நிபந்தனைகளையே லட்சணமாக மாற்றிக்கொண்ட இந்தச் சாமர்த்தியம், தலைமுறை தலைமுறையாக வாச்சி பிடித்த குலேபெலே என்னும் தச்சர் குலத்தின் தனிச் சம்பத்து.

ஆயினும் இம்மரபில் ஒரு முரண்பாடு உண்டு. போரோவின் அதிதேவதை ஆதித்தாய். குறி சொல்லும் சந்தோகோ சபையோ பெண்களுடையது. ஜோடிப் பதுமைகளில் பெண்ணுருவே பெரிதாக நிற்பதும் உண்டு. இத்தனை பிரதானம் பெற்ற பெண்ணினத்துக்கு மரத்தைச் செதுக்கும் அதிகாரம் மட்டும் கிட்டவில்லை.

அதனினும் பெரிய பலவீனம், சடங்கை நம்பியே சிற்பம் வாழ்வது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மஸ்ஸா என்னும் புதிய வழிபாடு பரவியபோது, கொரோகோவை அடுத்த லத்தாஹா போன்ற ஊர்களில் பழைய பதுமைகள் கைவிடப்பட்டன. அவற்றுட் சிலவற்றைக் கிறிஸ்தவப் பாதிரிமார் எடுத்துச் சென்றதாலேயே அவை பிற்பாடு அருங்காட்சியகங்களை அடைந்தன. பின்னர்ச் சுற்றுலாச் சந்தை பெருகவே, குலேபெலேயினர் வெளியார் வாங்குவதற்கென்றே முகமூடிகளைச் செய்து குவித்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குச் செய்த அதனைப் பழிப்பது அநியாயம். என்றாலும், அணிந்து ஆடுவோர் இல்லாத முகமூடிக்குக் கண்துளை எங்கே அமைய வேண்டும் என்று கேட்டுத் திருத்த ஆள் இல்லாமற்போவதால், வேலைப்பாடு தளர்வது எளிது.

ஆகவே, பழம்பதுமைகளைக் கண்ணாடிப் பேழையில் காப்பது போற்றத்தக்கதே எனினும், அது மரபைக் காப்பதாகாது. புதிய பதுமை வேண்டுமென்று தச்சனிடம் கேட்கும் சபை உள்ளமட்டுமே அந்தக் கலைக்கு ஆயுள்.